இரண்டு சம்பளம், ஒரு அட்வான்ஸ்: கோவையில் சேர்ந்து எடுக்கும் வீட்டின் கணக்கு

கோவையில் முதல் வேலைக்குச் சேர்ந்தவர் வீடு தேடிப் போனால் கேட்பது, "வாடகை எவ்வளவுங்க?" வீட்டுக்காரர் திருப்பிக் கேட்பது, "ஃபேமிலிங்களா, பேச்சிலருங்களா?" தங்கள் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துத்தான் நம் இளைஞர்கள் பட்ஜெட் போடுகிறார்கள். வாடகை, சாப்பாடு, கரண்ட், பெட்ரோல், ஊருக்கு அனுப்புவது என்று ஐந்து வரி எழுதுவார்கள். இரண்டால் வகுக்க வேண்டியதை வகுத்து, மிச்சம் இருந்தால் சேமிப்பு என்று கோடு போட்டு முடிப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சேர்ந்து தங்கிவிட்டுப் பிறகு பேச்சே நின்றுபோனவர்களை விசாரித்துப் பாருங்கள். அந்த ஐந்து வரியில் எதற்காகவும் அவர்கள் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். அட்வான்ஸ் யார் பெயரில் இருந்தது, பாதியில் கிளம்பியவருக்கு அதை யார் தருவது, ஃப்ரிட்ஜ் யாருக்கு, பெயிண்டிங் என்று பிடித்த பணம் யார் தலையில் விழுவது என்பதில்தான் முறிந்திருக்கும்.

மாதச் செலவைத் திட்டமிடுவது எளிது. இரண்டு மாதம் தங்கினாலே அது தானாகப் பிடிபட்டுவிடும். உள்ளே நுழையும் நாளின் பணத்தையும் வெளியேறும் நாளின் பணத்தையும் யாரும் திட்டமிடுவதில்லை. கொங்கு நாட்டு வாடகை வழக்கத்தில் பெரிய தொகைகள் கைமாறுவது அந்த இரண்டு நாட்களில்தான்.

லைன் வீட்டிலிருந்து டபுள் பெட்ரூம் வரை

அடுத்தவரோடு இடத்தைப் பங்கிட்டு வாழ்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் வரிசையாக எழுந்த மில்களும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆட்களை இழுத்தன. சைக்கிளில் வந்துபோக முடியாதவர்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. ஆனால் அடுப்பு தனித்தனி, வாடகையும் தனித்தனி. ஒரு குடித்தனக்காரர் வாடகை பாக்கி வைத்தால் பக்கத்துக் குடித்தனக்காரர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

முன்பின் அறியாத இருவர் ஒரே அடுப்பையும் ஒரே வாடகைப் பத்திரத்தையும் பகிர்வது அதற்குப் பின்னால் வந்தது. 1945இல் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் சி.ஐ.டி. என்று கல்லூரிகள் பெருகியபோது, விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள் "ரூம் எடுத்துத் தங்க" ஆரம்பித்தார்கள். 2010இல் விளாங்குறிச்சியில் டைடல் பார்க் திறந்தது. சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. வளாகங்கள் வந்தன. மாணவர்கள் எடுத்த ரூம், சம்பளக்காரர்கள் எடுக்கும் டபுள் பெட்ரூம் வீடாக மாறியது. ஒரு காலத்தில் காடு தோட்டமாக இருந்த காளப்பட்டி சாலையில் இன்று டு-லெட் போர்டு இல்லாத தெரு குறைவு.

திருப்பூர்க் கதை தனி. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். வாடகையோ மாதத்துக்கு ஒருமுறை. ஒன்றரை ஷிப்ட் கிடைத்த வாரம் கையில் காசு புரளும்; ஆர்டர் இல்லாத வாரம் அரைச் சம்பளம்கூடத் தேறாது. தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்குகிறவர்களிடம் சில வீட்டுக்காரர்கள் அறைக்கு என்று வாங்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அங்கே மாதக் கணக்கு உதவாது. சனிக்கிழமை தோறும் வாடகையில் கால் பங்கை எடுத்து ஒருவரிடம் கொடுத்து வைப்பது ஒன்றுதான் வழி. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஐந்தாவது வாரத்துப் பணம் அட்வான்ஸுக்கு. 2020 அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் சேர்ந்ததால், சொந்த மாநிலத்துக் கார்டை வைத்தே இங்குள்ள ரேஷன் கடையில் தானியம் வாங்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கு மாதச் செலவில் கணிசமான மிச்சம்.

இக்கட்டுரையின் கணக்குகள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்கும் இருவரை வைத்துப் போடப்பட்டவை. பேரம் பேசும் இடமும் ஏமாறும் இடமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நுழையும் நாள்

கணக்குக்காக ஒரு வீட்டை 14,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத அட்வான்ஸ் 70,000. முதல் மாத வாடகை 14,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 14,000. மெத்தை, அடுப்பு, பாத்திரம், பக்கெட், புது கேஸ் இணைப்புக்கான டெபாசிட் எல்லாம் சேர்த்து 20,000. மொத்தம் 1,18,000 ரூபாய், ஆளுக்கு 59,000. கையில் 25,000 வாங்கும் ஒருவருக்கு இது இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. "வாடகை ஆளுக்கு ஏழாயிரம்தானே" என்று நினைத்துக் கிளம்பியவர் திகைப்பது இங்கேதான். அந்தத் திகைப்பில் செல்போன் கடன் செயலியை அழுத்துகிறவர்களும் உண்டு. அதைவிடக் கேடான தொடக்கம் வேறில்லை. கம்பெனியில் சம்பள முன்பணம் கேட்பதோ, வீட்டில் கைமாற்று வாங்குவதோ, மூன்று மாதம் ஹாஸ்டலில் இருந்து சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவதோ மேல்.

இந்த 1,18,000இல் இரண்டு வகைப் பணம் கலந்து கிடக்கிறது. அட்வான்ஸ் முடங்கும் பணம். திரும்பி வர வேண்டியது. புரோக்கர் கமிஷன் போகும் பணம். வெளியேறும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதுவும் போகும் பணம்தான். கமிஷனும் பெயிண்டிங்கும் சேர்ந்து 28,000. பதினோரு மாதத்தில் காலி செய்தால், மாதத்துக்கு 2,545 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்ததாக அர்த்தம். உங்கள் 14,000 ரூபாய் வீடு உண்மையில் 16,545 ரூபாய் வீடு. மூன்று வருடம் தங்கினால் அதே 28,000 மாதம் 778 ரூபாயாகச் சுருங்குகிறது. ஆகவே, ஒரு வருடத்துக்குள் வேலை மாறலாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ மாற்றல் வரலாம் என்று தோன்றினால் வீடு எடுப்பது வீண். ஹாஸ்டலே சிக்கனம். மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத, குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்கும் விடுதி வாடகைக்கு 2024 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. இல்லை. அரசு நடத்தும் தோழி விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொரு வழி. தேவைக்கு அவை மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம் என்பதைப் பற்றித் தமிழகச் சட்டம் சொல்வது சுவையானது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. ஊரில் நடந்தது ஐந்து மாதம், பத்து மாதம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் இந்தப் புதிய சட்டம் மூன்று மாத வாடகை வரை வாங்கலாம் என்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் தலையிலேயே, 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய' என்ற பொருளில் ஒரு விலக்கு உட்கார்ந்திருக்கிறது. அதாவது நீங்களே கையெழுத்துப் போட்டு ஐந்து மாதம் கொடுத்தால் சட்டம் குறுக்கே வராது. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டே மாதம் என்று வரையறுத்தது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது சட்டம்.

மூன்று மாத வரம்பு சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவருக்கும் தெரியாமல் பேசுகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் ஐந்து மாதத்தை மூன்றாக இறக்கினால் ஆளுக்கு 14,000 ரூபாய் கையில் நிற்கும். "ஏனுங்க, வாடகையை மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள தந்துர்றோம், அட்வான்ஸை மூணு மாசமா வெச்சுக்குங்க" என்று முகம் பார்த்துக் கேட்டால் இறங்கி வரும் வீட்டுக்காரர்கள் கோவையில் நிறைய உண்டு. வாடகையில் ஐநூறு குறைக்கச் சொல்லி மன்றாடுகிற நேரத்தை இதில் செலவழிக்கலாம்.

பேச்சிலர்களுக்கு வாடகை கூட, அட்வான்ஸ் கூட என்பதும் நடைமுறை. தெருவில் பேச்சு வரும், தண்ணி போடுவார்கள், வீட்டைப் பாழாக்குவார்கள் என்பது வீட்டுக்காரர்களின் காரணம். பெண்கள் என்றால் காரணம் வேறு: ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள், யார் யார் பார்க்க வருவார்கள். இந்த விசாரணைகளுக்கு நடுவே "எந்த ஊருங்க" என்று தொடங்கி சாதி வரை போகும் கேள்வியும் வரும். "கறி மீன் சமைப்பீங்களா" என்ற கேள்வி பல நேரம் மதத்தைத் தெரிந்துகொள்ளும் வழி. 2017 சட்டத்தில் இதைத் தடுக்கும் பிரிவு ஏதும் இல்லை. இதனால் ஒதுக்கப்படுகிறவர்கள் தேடும் நாட்களும் கூடுகின்றன, கொடுக்கும் வாடகையும் கூடுகிறது. எந்தப் பட்ஜெட் புத்தகமும் இந்தச் செலவுக்கு வரி ஒதுக்குவதில்லை. கோவையின் மரியாதைப் பேச்சைப் பற்றிப் பெருமைப்படுகிற நாம் இதற்கு வெட்கப்பட வேண்டும்.

வாடகையை எப்படிப் பங்கிடுவது

சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை கூடாது என்று ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மூலம் அமெரிக்க அரசின் பொதுக் குடியிருப்புகள். 1969இல் அங்கே குடியிருப்போரிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதித்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். ஏழைகளுக்கு அரசு வசூலிக்கும் உச்சவரம்பு, நம் ஊர் யூடியூப் ஆலோசகர்கள் வாயில் எல்லோருக்குமான விதியாகிவிட்டது. தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 என்ற இன்னொரு சூத்திரத்தை அமெரிக்கப் பேராசிரியர் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் எழுதிய புத்தகம் பரப்பியது. அதில் ஊருக்குப் பணம் அனுப்புவதற்கு இடமில்லை. கோபியிலோ தாராபுரத்திலோ தங்கையின் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கிறவருக்கு அது தேவையா, ஆசையா, சேமிப்பா? நம் ஊருக்குப் பொருந்தும் முறை வேறு: ஊருக்கு அனுப்புவதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சியதை முழுச் சம்பளமாக நினைத்துக்கொண்டு வாடகையை முடிவு செய்வது.

இருவருக்கும் சம்பளம் வேறு வேறாக இருந்தால் வாடகையையும் அந்த விகிதத்தில் பிரிக்கலாமா? கணவன் மனைவிக்கு அது சரி. ரூம்மேட்டுகளுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. சம்பளத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவருக்கு இன்கிரிமென்ட் வந்தால் மறுபடி பேச வேண்டியிருக்கும். அதிகம் தருகிறவருக்கு வீட்டில் அதிக உரிமை என்ற நினைப்பும் வந்து சேரும். அறைக்கு ஏற்ற வாடகை, பொதுச் செலவு தலைக்குச் சமம். இதுதான் சண்டை குறைந்த வழி.

ஆனால் அறைகள் சமமாக இருப்பதில்லை. ஒன்றில் அட்டாச்டு பாத்ரூம், மற்றதில் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கணிதத்தில் இதற்குத் தீர்வு உண்டு. 1999இல் பிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, யாருக்கும் அடுத்தவர் அறைமேல் பொறாமை வராதபடி வாடகையைப் பிரிக்க எப்போதும் ஒரு வழி இருக்கும் என்று நிறுவினார். இருவர் மட்டும் என்றால் அத்தனை பெரிய கணிதம் தேவையில்லை. ஏலச்சீட்டு எடுத்துப் பழகியவர்களுக்குச் சொல்லாமலே புரியும். பெரிய அறைக்கு எவ்வளவு தரலாம் என்று இருவரும் தனித்தனியே சீட்டில் எழுத வேண்டும். ஒருவர் 8,000 என்கிறார், மற்றவர் 9,000 என்கிறார். அதிகம் எழுதியவருக்கு அறை. விலை இரண்டுக்கும் நடுவே, 8,500. மற்றவருக்குச் சின்ன அறை 5,500 ரூபாய்க்கு. பெரிய அறை எடுத்தவர் தான் மதித்ததைவிட 500 குறைவாகத் தருகிறார். சின்ன அறைக்காரர் தன் கணக்கில் 6,000 பெறும் அறைக்கு 5,500 தருகிறார். அவருக்கும் 500 லாபம். முனகல் இல்லை.

மாதாமாதம்

மாதச் செலவில் அதிக விளக்கம் தேவைப்படுவது கரண்ட் பில்தான். தமிழகத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு விலைப்பட்டியல், அதைத் தாண்டினால் இன்னொன்று. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஓடினால்? 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை பறிபோய், கட்டணம் 1,958 ஆகிவிடும். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024இல் கட்டணம் மறுபடி உயர்ந்தது. இந்தப் படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கும்வரை கோவையில் ஏ.சி. தேவையில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். மார்ச் முதல் மே வரை மொட்டை மாடிக்குக் கீழ் வீட்டில் தூங்கிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் அறையில் மட்டும் ஏ.சி. ஓடினால், பில்லைச் சமமாகப் பிரிப்பது அநியாயம். ஏ.சி. ஓடாத இரண்டு மாதத்தின் பில்லை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் ஏறுவது முழுவதும் ஏ.சி. அறைக்காரர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா, சப்-மீட்டரா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். சப்-மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குகிற இடங்களில் அந்த 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்காது.

தண்ணீர், வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டிய விஷயம். "சிறுவாணி வருமுங்களா?" என்பது கோவையில் வாடகையைக் கூட்டிக் குறைக்கும் கேள்வி. பவானி ஆற்றின் பில்லூர்த் தண்ணீர் வரும் பகுதிகளும் உண்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது தெருவுக்குத் தெரு மாறும். நல்ல தண்ணி வராத இடத்தில் போர் உப்புத் தண்ணிதான். குடிக்கக் கேன் வாங்க வேண்டும், ஹீட்டர் சீக்கிரம் கெடும், தலைமுடியைப் பற்றிக் கவலைப்படுவோர் தனியாகப் புலம்புவார்கள். சிறுவாணி உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊர்க்காரர்கள் மார்தட்டுவதற்கு நான் ஆதாரம் எதையும் கண்டதில்லை. ஆனால் அது குழாயில் வருகிற வீட்டுக்கு மாதம் சில நூறு கூடக் கொடுக்கலாம் என்பதில் சந்தேகமில்லை.

சாப்பாட்டுக்கு நீண்ட உபதேசம் தேவையில்லை. தினமும் ஆர்டர் போட்டு வாங்கினால் எந்தப் பட்ஜெட்டும் நிற்காது. ஒரே குக்கரில் முடிகிற அரிசிம்பருப்பு சாதம் கொங்கு நாடு பேச்சிலர்களுக்குத் தந்த கொடை. ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி உழவர் சந்தைகளுக்குக் காலையில் போனால் வாரக் காய்கறி அடங்கிவிடும். கையில் காசு வற்றிய கடைசி வாரத்துக்குச் சிங்காநல்லூர் சாந்தி கேன்டீன் இருக்கிறது. ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் தருவதாக 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களும் இருக்கின்றன. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு பாக்கெட் மாவு வாங்குவதா என்று அம்மாக்கள் கேட்பார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் பாக்கெட் மாவே லாபம்.

போக்குவரத்தில் ஆணும் பெண்ணும் சமமில்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே, பெண்கள் இருவர் வீடு எடுத்தால் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கூடுதல் வாடகை கொடுப்பதைவிட, பஸ் ரூட் உள்ள சற்றுத் தள்ளிய இடத்தில் குறைந்த வாடகைக்கு எடுப்பது கணக்கில் நன்றாக வரும். நைட் ஷிப்ட் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

ஒறம்பரைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒருவருடைய மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நாள் தங்குவார். மற்றவருடைய நண்பன் இன்டர்வியூவுக்கு வந்து ஒரு மாதம் தங்குவான். வராதே என்று சொல்வது நம் பழக்கம் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவருக்கான சாப்பாடும் கேன் தண்ணியும் அழைத்து வந்தவர் செலவு என்று பேசி வைப்பதில் பழக்கத்துக்குக் குறைச்சல் ஒன்றும் வந்துவிடாது.

வெளியேறும் நாள்

வாடகைப் பத்திரம் பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. "யாரோ ஒருத்தர் பேரு போட்டாப் போதுமுங்க, உங்களுக்குள்ள பார்த்துக்குங்க" என்பார் வீட்டுக்காரர். இதில் இருவருக்குமே ஆபத்து. பெயர் இல்லாதவருக்கு அட்வான்ஸில் தன் பங்கு இருப்பதற்குக் காகிதத்தில் சாட்சி இல்லை. 2017 சட்டப்படி வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது என்பதால், பெயர் இல்லாதவர் அங்கே குடியிருப்பதையே கேள்வி கேட்கலாம். பெயர் உள்ளவருக்கோ, மற்றவர் ஓடிப்போனால் முழு வாடகையும் அவர் தலையில். இருவர் பெயரும் இருந்தாலும் வீட்டுக்காரர் முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, முழுவதையும் கட்டியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டு வாங்கும் உரிமையையும் தருகிறது. இருவர் பெயரும் பத்திரத்தில் இருப்பதன் மதிப்பு அதில் இருக்கிறது. அட்வான்ஸை இருவரும் தத்தம் வங்கிக் கணக்கிலிருந்து தனித்தனியாக வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால் சாட்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்க வாடகை ரசீது வேண்டும். இருவரும் தத்தம் பங்குக்குத் தனி ரசீது வாங்கினால் இருவருக்கும் விலக்கு. கோவைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் வரை என்பது வரம்புகளில் ஒன்று, சென்னைக்கு 50. புதிய வரிமுறையில் இந்த விலக்கே கிடையாது.

இனி, ரூம்மேட்டுகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள வேண்டியது. நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படுவார்கள். மொய் வைத்ததை நோட்டுப் போட்டு எழுதி வைக்கும் ஊரில் இந்தக் கூச்சத்துக்கு அர்த்தமில்லை. வெள்ளைத்தாளில் அரைப் பக்கம் போதும்; வாட்ஸ்அப்பில் இருவரும் "சரி" என்று போட்டாலும் போதும். ஒருவர் கிளம்புவதென்றால் இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அல்லது மற்றவர் ஏற்கும் ஆளைக் கொண்டுவந்து விட வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகிக் கிளம்புகிறவர்கள் நிறைய என்பதால் இது எல்லோருக்கும் வரும் கட்டம். புதிதாக வருகிறவர் அட்வான்ஸ் பங்கைப் போகிறவரிடம் கொடுக்கலாம்; அப்படியானால் பத்திரத்தில் பெயரை மாற்றியாக வேண்டும். பெயிண்டிங் கழிவு கடைசிவரை இருந்தவர் தலையில் மட்டும் விழக் கூடாது. தங்கிய மாதங்களின் கணக்கில் முன்னே போனவரும் தன் பங்கை விட்டுச் செல்ல வேண்டும். பதினெட்டு மாதம் இருந்த வீட்டில் ஒன்பதாவது மாதம் போனவர் என்றால், 14,000 ரூபாய்க் கழிவில் முதல் ஒன்பது மாதத்துக்கான 7,000இல் பாதி, 3,500 அவருடையது.

பொருள்களைச் சேர்ந்து வாங்கவே கூடாது. ஃப்ரிட்ஜ் ஒருவர் வாங்கட்டும், வாஷிங் மெஷின் மற்றவர் வாங்கட்டும், இருவரும் பயன்படுத்தட்டும். பாதிப் பாதி போட்டு வாங்கிய ஃப்ரிட்ஜுக்கு இரண்டு வருடம் கழித்து விலை போடுகிற நாளில் நட்பும் சேர்ந்து பழைய சாமானாகிவிடும். கேஸ் இணைப்பு ஒருவர் பெயரில்தான் கிடைக்கும் என்பதால் அந்த டெபாசிட் முழுவதும் அவருடையதாகவே இருக்கட்டும்.

அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 2017 சட்டம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷரும் ஸ்விட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி விரட்டக் கூடாது. இத்தனை பாதுகாப்பும் ஒப்பந்தத்தை எழுதி, அதே சட்டத்தின்கீழ் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தவர்களுக்கே முழுதாகப் பயன்படும். பதினோரு மாதப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை வேறு சட்டத்திலிருந்து வந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும் என்பது அதன் மூலம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதற்கு வேறானது. பதினோரு மாதத்துக்கும் அது உண்டு.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பேச்சிலர்களை நம்ப முடியாது என்று நீங்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம், அவர்களில் யார் உங்களுக்குப் பொறுப்பு என்று எழுதாமல் விட்டதுதான். இருவர் பெயரையும் பத்திரத்தில் போடுங்கள், மூன்று மாத அட்வான்ஸோடு நிறுத்துங்கள், ஆளுக்கொரு ரசீது தாருங்கள், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வாடகை பாக்கி நின்றால் கேட்க உங்களுக்கும் இரண்டு பேர் இருப்பார்கள்.